ஆடிக் காற்றில் ஒரு பலூன் வீடு

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியபோது இலைகூட அசையவில்லை. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் ஜன்னலோரம் காற்று தெரிய ஆரம்பித்தது. கிணத்துக்கடவில் இறங்கியபோது டீக்கடை வாசலில் கட்டியிருந்த கொடி மேற்கிலிருந்து கிழக்காக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. டீ 12 ரூபாய். "இது காலங்காத்தால அடிக்கிற காத்துங்க. பதினொரு மணிக்கு மேல பாருங்க, அப்பத் தெரியும்" என்றார் கடைக்காரர். ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக உள்ளே நுழைகிற பாதை இது. இந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள்.

நான் போனது ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு. நண்பரின் பேத்திக்கு ஆறு வயது முடிகிறது. பொருட்காட்சிகளில் மிக்கி மவுஸ் என்று டிக்கெட் போட்டுக் குழந்தைகளைக் குதிக்க விடுவார்களே, அந்தப் பலூன் வீட்டை ஒரு நாள் வாடகைக்குச் சொல்லியிருந்தார்கள். குழந்தைகள் அதில் குதிப்பதை எத்தனையோ விசேஷ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது எது, அது வருவதற்கு முன் இடத்தில் என்னென்ன வேலை நடக்க வேண்டும் என்று முதலிலிருந்து கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வண்டி எட்டரைக்கு வரும் என்றார்கள். ஏழரைக்கே போய்விட்டேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆட்டோவில் 3 கிலோமீட்டர், 80 ரூபாய்.

வீடு கிழக்குப் பார்த்தது. பின்னால் பொடக்காலி, மேற்கே திறந்து கிடக்கிறது. மதில் ஐந்தடிதான். அதற்கு அப்பால் தக்காளிக் காடு, அதற்கும் அப்பால் தென்னந்தோப்பு. நண்பர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "போன்ல கேட்டேனுங்க. பத்துக்குப் பத்து அடி இருந்தாப் போதும்னு சொன்னாங்க. நம்மகிட்ட அதுக்கு நாலு மடங்கு இருக்குது" என்றார்.

டேப்பைப் பிடித்து அளந்தோம். தெற்கு வடக்காக 45 அடி, கிழக்கு மேற்காக 38 அடி. பார்வைக்குத் தாராளம். ஆனால் தென்மேற்கு மூலையில் இரண்டு தென்னை, ஐம்பதடிக்குக் குறையாது. அண்ணாந்து பார்த்தால் காய்ந்த மட்டை ஒன்று பாதி கழன்று தொங்குகிறது. அதன் பக்கத்திலேயே நெற்றுக் குலை. வடக்கே செப்டிக் டேங்க், மேலே பழைய சிலாப்புகள், ஒன்றில் நீளமாக விரிசல். அதற்கு நேர் மேலே கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர். நடுவே குறுக்காகத் துணிக் கொடிக் கம்பி. கிழக்கே, வீட்டுச் சுவரை ஒட்டித் துவைக்கிற கல். தென்னைக்குக் கீழே ஒதுக்க வேண்டிய இடத்தையும் டேங்க் இருக்கும் இடத்தையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் 26 அடிக்கு 34 அடிதான்.

வரப்போகும் பலூன் வீடு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதுவே பத்தடியில் அடங்காது. அதோடு சுற்றிலும் காலி இடம் வேண்டும். ஐரோப்பாவில் இந்தச் சாதனத்துக்கென்றே இ.என். 14960 என்று ஒரு தர விதி இருக்கிறது. அதை ஒட்டி அங்கே பின்பற்றுகிற கணக்கு இது: சுவர் உள்ள பக்கங்களில் 1.8 மீட்டர், அதாவது 6 அடி. குழந்தைகள் ஏறி இறங்குகிற திறந்த பக்கத்தில் 3.5 மீட்டர், ஏறக்குறைய பதினொன்றரை அடி. கூட்டிப் பார்த்தால் 24 அடிக்கு 30 அடி வருகிறது. நண்பர் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். மிச்சமிருந்த இடத்துக்குள் மட்டுமட்டாக உட்கார்ந்தது. "பத்தடின்னு சொன்னவங்க வந்து பார்க்கலீங்களே" என்றார், கையைத் தட்டிக்கொண்டே.

அடுத்தது சுத்தம். முந்தைய நாளே கூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். கூட்டிய அடையாளம், சீமாற்றுக் கோடு, தரையில் இருக்கத்தான் செய்தது. உட்கார்ந்து பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது. தரையோடு தரையாக நெருஞ்சி படர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே மாட்டுக் கட்டுத்தரை இருந்ததாம். அதன் கூரையிலிருந்து உதிர்ந்த துருப்பிடித்த ஆணிகள் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தன. ஓர் உடைந்த வளையல் துண்டு, கொட்டாங்குச்சிச் சில்லுகள், மதிலோரம் கட்டெறும்புப் புற்று ஒன்று. கோட்டுக்குள் மட்டும் விரலால் தடவித் தடவிப் பொறுக்கினோம். ஒரு சட்டி நிறைந்தது. அடிப்பக்கம் ஆணி குத்தினால் காற்று போகும் என்பது சின்ன விஷயம். மேலே ஆறு குழந்தைகள் குதிக்கும்போது அடியில் ஒரு கல் இருந்தால் அது முழங்காலுக்குத் தெரியும்.

தரை மட்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பில்லியர்ட்ஸ் ஆடலாமுங்க" என்றார் நண்பரின் மருமகன். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் டியூப் லெவல் வாங்கிவந்து, தண்ணீர் நிரப்பி, கோட்டின் இரண்டு முனையிலும் பிடித்தோம். கிழக்கிலிருந்து மேற்கே 30 அடியில் எட்டு அங்குலம் இறக்கம். கண்ணுக்குத் தெரியாத சரிவு. இருபது அடிக்கு ஓர் அடி வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அந்தக் கணக்கில் இது தாராளமாகத் தேறியது. மருமகன் சொன்னதில் பாதி சரி.

எட்டே முக்காலுக்குக் குட்டி யானை வந்து நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும்; உதவிக்கு இன்னொரு பையன். வாடகை 4,500 ரூபாய், வண்டிக்குத் தனியாக 800. சுருட்டிக் கட்டிய பலூன் வீடு ஒரு பெரிய பீப்பாய் அளவு. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்றார்கள். இரண்டு பேர் தள்ளியும் நகரவில்லை, நாங்கள் இரண்டு பேர் கை கொடுத்தோம். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் உள்ள சந்து மூன்றரை அடி. அதற்குள் பூந்தொட்டிகளை எடுக்காமல் விட்டிருந்தார்கள். அவற்றை நகர்த்தவே கால் மணி நேரம் போயிற்று. வாசலிலிருந்து பொடக்காலி வரை இந்த உருளை போகிற வழியையும் முன்கூட்டி அளந்து வைப்பது நல்லது.

தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பிரித்துப் போட்டார்கள். மஞ்சளும் ரோஸும். கெட்டி பி.வி.சி. துணி. வெயிலில் காய்ந்த ரப்பர் வாடை, அதோடு போன விசேஷத்தின் சிப்ஸ் தூள். மடிப்புகளுக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒரு ஹேர்பின் கிடைத்தது. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் எத்தனை பேர், எவ்வளவு உயரம் வரை ஏறலாம் என்று எழுதிய பட்டை இருக்க வேண்டும். தைத்த தடம் மட்டும் இருந்தது, பட்டை இல்லை. "பத்துப் பேர் ஏறலாமுங்க, பெரியவங்களே ஏறுவாங்க" என்றான் பையன். நண்பரின் மனைவி, பேத்திக்கு அம்மிச்சி, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆறு பேருக்கு மேல ஏத்த மாட்டேன் கண்ணு. பெருசு தனியா, பொடுசு தனியா" என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். பலூன் வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எலும்பு முறிவதுண்டு. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டில் பலூன் வீடுகளில் அடிபட்டு நாளொன்றுக்குச் சராசரியாக 31 குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வந்ததாகக் குழந்தை மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அம்மிச்சியின் முடிவுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். ஒன்றரை எச்.பி. புளோயர். பையன் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் மெல்லிசு. நடுவில் ஓர் ஒட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அந்த ஒட்டு சரியாகத் துவைக்கிற கல் ஓரத்து ஈரத்தில் படுத்தது. நண்பர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தோட்டத்து மோட்டாருக்கு வைத்திருந்த 2.5 எம்.எம். கேபிளை எடுத்து வந்தார். சமையலறைக்குப் பின்னால் உள்ள 15 ஆம்ப் பிளக்கில் செருகினோம். வீட்டில் இ.எல்.சி.பி. உண்டு என்றார். பெட்டியைத் திறந்து டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. அவர் சொன்னது சரிதான். கேபிளை நடைபாதையில் விடாமல் மதிலோரமாகக் கொண்டுபோனோம். புளோயரைப் பலூன் வீட்டிலிருந்து நாலடி தள்ளி, பின்பக்கம் வைத்தார்கள். அதன் வாயில் வலை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் பெரிய மாவு மில் மாதிரி இரைச்சல். தரையில் கிடந்த துணி முதலில் ஓரங்களில் புடைத்தது, பிறகு தூண்கள் எழுந்தன. மூன்று நிமிடத்துக்குள் பத்தடி உயரத்தில் நின்றுவிட்டது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜான் ஸ்கர்லாக் என்ற எஞ்சினியர் டென்னிஸ் மைதானத்துக்குக் காற்றடைத்த மூடி செய்துகொண்டிருந்தார். வேலையாட்கள் அதன்மேல் ஏறிக் குதித்து மகிழ்வதைப் பார்த்துத்தான் இதைச் செய்ய நினைத்தார் என்பார்கள். எழுந்து நின்றதைப் பார்த்த உடனே பேத்தியும் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தாள். அம்மிச்சி பாவாடையைப் பிடித்து நிறுத்தினார்.

சுவரோரம் தையலில் உள்ளங்கையை வைத்தேன். காற்று சில்லென்று கசிகிறது. "ஓட்டை இல்லீங்க சார். தையல் வழியா போய்க்கிட்டேதான் இருக்கும், அதுக்குத்தான் மோட்டார் நிக்காம ஓடுது" என்றான் பையன். அது உண்மை, இதன் அமைப்பே அப்படித்தான். அப்படியானால் கரண்ட் போனால்? "மெதுவாத்தான் இறங்குமுங்க, அஞ்சு நிமிஷம் ஆகும்." உள்ளே யாரும் இல்லாதபோதே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் முன்தூண்கள் தலை சாய்ந்தன. ஒன்றரை நிமிடத்தில் கூரை மெத்தைமேல் படுத்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும் உள்ளது, இந்த மோட்டாரை இழுக்காது. ஜெனரேட்டருக்குப் பந்தல்காரர் 1,500 கேட்டாராம். வேண்டாம் என்று விட்டு, மருமகனை நுழைவாயிலில் நிறுத்துவதென்று முடிவாயிற்று. சத்தம் நின்ற மறுநொடி வாசலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வெளியே இழுக்க வேண்டியது அவர் வேலை.

எல்லாவற்றையும்விட நான் பார்க்க வந்தது முளைகளை. பலூன் வீட்டின் அடியில் சுற்றிலும் ஆறு வளையங்கள் தைத்திருந்தார்கள். பையன் பையிலிருந்து எடுத்தது நான்கு முளை. சுண்டுவிரல் தடிமன், ஒரு சாண் நீளம். நாலு மூலையிலும் நாலு அடி அடித்துவிட்டு, "அவ்வளவுதானுங்க" என்றான். மேற்கு மூலையில் இருந்ததைக் குனிந்து ஒரு கையால் இழுத்தேன். செம்மண்ணோடு வந்துவிட்டது. நண்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஏந்தம்பி, ஆட்டுக்குட்டி கட்டறதுக்கே இதைவிடப் பெரிய மொளக்குச்சி அடிப்போமே!"

"இத்தனை வருஷமா இப்படித்தான் அடிக்கிறோம், எங்கயும் பறந்ததில்லைங்க" என்றான் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்து அனுப்பியதை அடிக்கிறான். ஆனால் 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் ஊரின் ஹில்கிரெஸ்ட் தொடக்கப் பள்ளியில் என்ன நடந்தது என்று அவனிடம் சொன்னேன். ஆண்டு முடிவுக் கொண்டாட்டம். சுழற்காற்று ஒன்று வந்து பலூன் வீட்டைப் பிள்ளைகளோடு தூக்கிவிட்டது. ஆறு பிள்ளைகள் இறந்துபோனார்கள். எட்டு முளை வேண்டிய இடத்தில் நான்குதான் அடித்தார்கள் என்று வழக்கு நடந்தது. அந்தச் சுழற்காற்றை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று சொல்லி, நடத்தியவரை 2025-ல் நீதிமன்றம் விடுவித்தது. முளை ஒழுங்காக இருந்தாக வேண்டும். அதற்கு மேலும் காற்றின்மீது ஒரு கண் இருந்தாக வேண்டும். பையன் பதில் சொல்லவில்லை. இழுத்து வந்த முளையை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நண்பர் பைக்கை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். மெயின் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. முளை 38 சென்டிமீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் தடிமனும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அளவு. கட்டடத்துக்குப் போடுகிற 16 எம்.எம். முறுக்குக் கம்பியில் பதினைந்து அங்குலமாக ஆறு துண்டு வெட்டச் சொன்னோம். பட்டறைக்காரர் ஒரு முனையைக் கூராகச் சீவி, மறுமுனையில் கயிறு நழுவாமல் இருக்க வளையம் வைத்துப் பற்றவைத்தார். பொறி பறந்து அடங்கியதும் கம்பியைத் தண்ணீரில் முக்கி எடுத்தார், சுர்ரென்றது. தலைப்பகுதியில் பிசிறு இருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, கேட்காமலே அரத்தில் தேய்த்து உருண்டையாக்கிக் கொடுத்தார். குழந்தைகள் ஓடுகிற இடம் என்று சொல்லியிருந்தோம். கம்பி மூணே முக்கால் கிலோ, கூலியோடு சேர்த்து 430 ரூபாய்.

திரும்பி வந்து அடிக்கப்போகும்போது இன்னொரு கேள்வி. போர்வெல் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது? "கிழக்கால போகுதுங்க, இந்தப் பக்கம் ஒண்ணுமில்லை" என்றார் நண்பர். ஆனால் வடமேற்கில் மதிலோரம் ஒரு கேட் வால்வின் தலை தெரிந்தது. அங்கிருந்து ஒரு வரிசையாகப் புல் மட்டும் கொஞ்சம் பச்சை. கடப்பாரையால் மெல்ல ஒரு சாண் தோண்டியதும் பி.வி.சி. குழாய் வெள்ளையாகத் தெரிந்தது. பலூன் வீட்டை இரண்டடி தெற்கே நகர்த்தினோம். பிறகுதான் சம்மட்டி. மேலே நாலங்குலம் புழுதி, அதற்குக் கீழே கெட்டியான செம்மண். ஒவ்வொரு முளையும் தலை வெளிப்பக்கம் சாய, தரையோடு தரையாக இறங்கும்வரை அடித்தார்கள். ஆறாவதை அடித்ததும் நான் காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

பத்தரைக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். கண்ணாடி, வளையல், கொலுசு, ஹேர்பின் எல்லாம் அம்மிச்சியின் முந்தானையில். அம்மிச்சி நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார், கையில் போன் கிடையாது. விசேஷம் மாலை நாலு மணிக்கு என்றுதான் அழைப்பில் இருந்தது. டீக்கடைக்காரர் சொன்னதை நான் சொல்லி, நண்பரும் தலையாட்டி, குதிப்பதை மட்டும் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்பது அதே ஐரோப்பிய விதி. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். அதனால் கொஞ்சம் கூடினாலும் கொஞ்சம்தானே என்று விட முடியாது. அளக்கக் கருவி இல்லை, கண் இருக்கிறது. புழுதியும் காகிதமும் எழும்பினால் எச்சரிக்கை. சின்ன மரம் முழுதாக ஆட ஆரம்பித்தால் எல்லை வந்துவிட்டது. மதிலுக்கு வெளியே ஒரு முருங்கை நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரை வரை கிளை நுனிதான் ஆடியது. பன்னிரண்டுக்குக் காட்டுப் புழுதி மதிலைத் தாண்டி வந்தது. பலூன் வீட்டின் சறுக்கில் கையை வைத்தேன், சுட்டது. பன்னிரண்டரைக்கு முருங்கை அடிமரத்தோடு சாய்ந்து நிமிர்ந்தது. மேற்குப் பக்கக் கயிறு இரண்டும் விறைத்து நின்றன. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, இறங்குங்க கண்ணுகளா" என்று அம்மிச்சி எழுந்துவிட்டார். பிள்ளைகள் சிணுங்கினார்கள். ஒருவன் அழுதான். எல்லாரும் இறங்கிய பிறகு சுவிட்சை அணைத்தார்கள். இரண்டு மணி நேரம் குதித்திருந்தார்கள்.

மாலை கேக் வெட்டும்போது அது சுருட்டிக் கட்டப்பட்டு வண்டிக்குப் போய்விட்டது. கேக் 1,600 ரூபாய். முளைக்கு ஆன செலவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வண்டி கிளம்பும்போது அந்த ஆறு முளைகளையும் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் எங்கே என்று கேட்டேன். பொள்ளாச்சியில் ஒரு வீட்டு மொட்டை மாடியாம். மாடியில் முளை எப்படி அடிப்பாய்? "மூட்டை இருக்குங்க" என்று வண்டிக்குள் காட்டினான். நான்கு மணல் மூட்டைகள், ஒவ்வொன்றும் இருபது கிலோ தேறும். முளை அடிக்க முடியாத இடத்தில் ஒவ்வொரு வளையத்துக்கும் 163 கிலோ எடை கட்ட வேண்டும். ஆறு வளையத்துக்கு ஏறக்குறைய ஒரு டன். அவனிடம் இருந்தது 80 கிலோ. அதுவும் மாடியில், தடுக்க எதுவுமில்லாத காற்றில். பையன் முன்னாலேயே நண்பர் வாடகைக் கடைக்குப் போன் போட்டார். மாடியில் போடவே போடாதீர்கள், தரையில் இடமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். "பார்த்துக்கறோமுங்க" என்று பதில் வந்தது.

பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு ஒன்று வருகிறதென்றால், முதல் குழந்தை ஏறுவதற்கு முன் நீங்களே ஒருமுறை சுற்றி வாருங்கள். வளையங்களை எண்ணுங்கள். முளைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஒன்று அசைந்தாலும் சுவிட்சைப் போட விடாதீர்கள்.